மற்றவை என்கிற கட்டம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட வெள்ளைத் துணி எல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. இரண்டாம் முறை அலசினேன்.

வேலைகள்: அரிசி புடைக்க. கேஸ் பதிய. ஜெனி பாவாடைக்குக் கொக்கி. எதிர்வீட்டு பீட்டர் அண்ணனின் பாத்திரம் திருப்பித் தர.

சாயங்காலம் ஜெனி பள்ளியிலிருந்து ஒரு பச்சை அட்டை கொண்டுவந்தாள். கெட்டி அட்டை. எல்லாம் இங்கிலீஷ். அவளே படித்துச் சொன்னாள்.

"வூட்ல நான் என்ன பாஷை எவ்வளவு நேரம் பேசுறேன்னு தெனம் நீ எழுதணும்மா. எழுதிக் கையெழுத்துப் போடணும்."

ஐந்து கட்டம். தேதி. இங்கிலீஷ், நிமிஷம். இந்தி, நிமிஷம். மற்றவை, நிமிஷம். கையெழுத்து.

தமிழ் எங்கே என்று விரல் வைத்துத் தேடினேன்.

"மற்றவைதாம்மா தமிழு."

புதுக் கல்விக் கொள்கையாம். மூன்று மொழியாம். எட்டாம் வகுப்பிலேயே பழக்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு இங்கிலீஷ் அறுபது நிமிஷம், இந்தி முப்பது. மற்றவை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மார்க். அந்த மார்க்கையும் சேர்த்துத்தான் அடுத்த வருஷம் ஒன்பதாவதில் ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரிப்பார்கள். பெரிய பரீட்சைகளுக்குத் தனி வகுப்பு ஏ பிரிவுக்கு மட்டும்.

அடியில் ஒரு வரி. மேலே எழுதியவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்.

இவர் சாப்பிடும்போது காட்டினேன். "நல்லதுதானே மேரி. ஒழுங்கா பண்ணு" என்றார். ஏ பிரிவு என்றால் இவருக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம்.

சமையலறைக் கடிகாரம் நின்று ஒரு மாசம். புது செல் வாங்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

வெயில். இட்லிக்கு அரைத்தேன். கடிகாரத்துக்குச் செல் போட்டாயிற்று.

அட்டையில் எழுதியது:
செவ். – இ. 6, இந். 0, ம. 95.
புத. – இ. 11, இந். 2, ம. 110.

இ. பதினொன்று வந்ததே பாடத்தை வாய்விட்டுப் படித்ததால். இந். இரண்டு, குழாயடியில் சுனிதாவிடம் பேசியது. சுனிதா பக்கத்துப் போர்ஷன். பீகார்க்காரி. புருஷன் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் ஆள். வந்து மூன்று வருஷம். குழாயடியிலேயே தமிழ் கற்றுக்கொண்டாள்.

ம. 110 நிமிஷத்தில் ஜெனியும் நானும் பேசியது: வேன் டிரைவர் போடும் பாட்டு. கணக்கு மிஸ்ஸின் புடவை. மீன் ஏன் வாங்கவில்லை. உலகம் எப்போது முடியும். அவள் கால் கட்டைவிரல் நகம். மறுபடி மீன்.

இவர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "என்னா மேரி, பால் கணக்கு மாதிரி எழுதியிருக்க."

எனக்குக் கணக்கு என்றால் அப்படித்தான் வரும். இரண்டாம் வகுப்போடு நிறுத்திப் பருத்தி எடுக்க அனுப்பினார்கள். பத்தொன்பது வயசில் ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுத்துக்கூட்டியது. அதுவரை கைநாட்டு. பேரை எழுதக் கற்றபின் ஒரு இடத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. உண்மை என்று ஒரு வரி இருக்கும்போது அதன் கீழே வேறு எழுத எனக்கு வராது.

ஜூலை 11, வெள்ளி

மோர்க்குழம்பு. அப்பளம் தீர்ந்துவிட்டது.

வேன் நிற்கும் இடத்தில் ஜெனி வகுப்பு வித்யாவின் அம்மாவிடம் கேட்டேன், எப்படி எழுதுகிறீர்கள் என்று.

"நான் அட்டை வந்த அன்னிக்கே உக்காந்து மாசம் முழுக்கப் போட்டுட்டேங்க. அறுபது, முப்பது, அஞ்சு. ரெண்டு பேனா மாத்தி மாத்தி எழுதணும், அவ்வளவுதான் சூட்சுமம்."

"கீழ உண்மைன்னு போட்டிருக்கே."

"அடப் போங்க ஜெனிம்மா. நீங்க வேற."

ஜெனியின் அட்டை முதல் வாரத்துக்கு இன்று பார்வைக்குப் போயிற்று.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. பள்ளிக்கு வரச் சொன்னார்கள். பதினொரு மணிக்குப் போனேன். பிள்ளைகள் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முழங்கால் இடித்தது.

மிஸ் சின்னப் பெண். நல்ல பெண்தான். அட்டையை விரித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மம்மி, இவ்வளவு உண்மையா யாரும் எழுதறதில்லீங்க."

அடியில் இருந்த உண்மை வரியில் விரலை வைத்தேன்.

"தமிழ் பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா நூத்திப் பத்துன்னு எழுதினா நான் என்ன மார்க் போடறது? பிரின்சிபால் ஒவ்வொரு அட்டையும் பாக்கறாரு."

டிவியில் ஒருவர் சொன்னதை மிஸ்ஸிடம் சொன்னேன். தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று அந்தக் கொள்கையிலேயே இருக்கிறதாமே என்று.

"அது மேல இருக்கறது மம்மி. கீழ வந்து சேர்றப்ப இப்படித்தான் வருது. மூணு பாஷை காட்டணும். இங்கிலீஷ் கொறஞ்சா பேரண்ட்ஸ் சண்டைக்கு வராங்க. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். எம் பையனும் இங்கதான் படிக்கறான். வீட்டுக்குப் போனா அவன்கிட்ட நானே என்ன பேசறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்திக்குப் பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்களாமே. அங்க பேசினாலும் கணக்குல எழுதிக்குங்க. மத்ததை மட்டும் வீட்டுக்குள்ள குறைங்க" என்றார்.

வெயிலில் நடந்தே வந்தேன். வழியில் மாதா சிலை வைத்த கெபியில் ஒரு மெழுகுவர்த்தி. என்ன கேட்பது என்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. நான்கு குடம் பீட்டர் அண்ணன் வீட்டில்.

ஜெனி வந்ததும் பையை வீசினாள். இவ்வளவு கோபம் பார்த்ததில்லை. அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். மொழி மார்க் வரிசையாம்.

"எல்லாம் நீ எழுதுனதாலதான். வித்யா வூட்ல தமிழ் பேசலியா? அவ ரெண்டாவது பெஞ்சு."

"பொய்யி எழுதச் சொல்றியா பாப்பா?"

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கதவுப் பக்கம் நின்றாள். பிறகு திரும்பி, நிதானமாகச் சொன்னாள்.

"நீ பொய்யி எழுத வேணாம்மா. நான் தமிழ்ல பேசல. வூட்டுக்குள்ள பேசவே மாட்டேன். அப்ப நீ எழுதறது நெசமாயிடும்ல?"

அவளுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது போல முகம்.

நான் விளையாட்டு என்று நினைத்தேன். ஏழரை மணி வரை நினைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. தெருக்கோடிக் கோயிலில் மைக் செட். கூழுக்கு அழைத்தார்கள், வாங்கி வந்தேன், நன்றாக இருந்தது.

ஜெனி விளையாடவில்லை.

பசிக்குதா என்றால் "யெஸ்". போதுமா என்றால் "இனஃப்". உப்பு வேண்டும் என்றால் கையை நீட்டுகிறாள். யெஸ், நோ-வுக்கு மேல் வருவது எதையும் சொல்வதில்லை. சொன்னால் எனக்குப் புரியாது என்று அவளுக்குத் தெரியும்.

இங்கிலீஷ் அறுபது நிமிஷத்துக்கு பீரோ கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே பேசிக்கொள்கிறாள். கையை ஆட்டி, தலையை ஆட்டி. நான் காய் நறுக்கிக்கொண்டு கடிகாரம் பார்க்கிறேன். அறுபது ஆனதும் "ம்" என்கிறேன். நிறுத்திவிடுகிறாள்.

பிறகு இந்திக்கு சுனிதா போர்ஷனுக்குப் போகிறாள். அரை மணி நேரம்தான் கணக்கு. ஆனால் ஒரு மணிக்கு மேல் ஆகிறது வர. நடுவில் ஒற்றைச் சுவர். அங்கே டிவி ஓடுகிறது, அதற்கு மேல் இவள் சிரிப்பு கேட்கிறது. சிரிப்புக்குப் பாஷை இல்லாததால் அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

இரவு ஜெபமாலை. மூன்றாம் பத்து மணிகளின் ஜெபம் எப்போதும் ஜெனி தொடங்குவது. இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் மறுபாதியைத் தமிழில். "மாதாவுக்கு ரெண்டும் புரியும் விடு" என்றார் இவர். புரியும். எனக்குத்தான் அவள் பாதி எங்கே முடிகிறது என்று தெரியாமல் இரண்டு தடவை நடுவில் நுழைந்துவிட்டேன்.

ம. 0.

ஜூலை 20, ஞாயிறு

பெரம்பலூர். ஸ்டெல்லா அக்கா வீட்டுப் புது மாடி மந்திரிப்பு, சாமியார் வந்து ஜெபிப்பது. முதல் பூசைக்குப் போய்விட்டு எட்டு மணி பஸ். இவர் ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கம், வரவில்லை. ஜெனியும் நானும்.

பயந்துகொண்டே போனேன், அங்கே போய் ஊமையாய் நின்றால் என்ன சொல்வது என்று.

வாசலில் கால் வைத்ததும் ஆரம்பித்தாள். "பெரியம்மா, மாடிக்கு ஏன் பச்சை அடிச்சீங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

அக்கா மகள் லிடியா அரசுப் பள்ளி. இவளைச் சீண்டினாள். "ஏன்டி, ஒங்க ஸ்கூல்ல தமிழ்ல தும்முனாக்கூட மார்க் போயிடுமாமே?"

"தும்முறது மற்றவைல வரும்டி. ஒரு தும்மலுக்கு அரை நிமிஷம். எங்கம்மா கடிகாரத்தோட நிப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். பன்னிரண்டு பேர் சிரித்ததில் என் சிரிப்பு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

மட்டன் பிரியாணி, தயிர்ப் பச்சடி, சின்ன வெங்காயம் போட்ட கத்தரிக்காய். அக்கா இரண்டு படி வெங்காயம் கொடுத்தாள், மாமா வயலில் விளைந்தது.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து பேசிக்கொண்டே வந்தாள். லிடியாவின் சைக்கிள் பற்றி, வெளியில் சாலையில் காயவைத்த மக்காச்சோளம் பற்றி. எனக்கு மனசெல்லாம் லேசு. சரி, முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அரியலூர் நெருங்கி லாரிகள் வரிசையாய் நிற்கிற இடம் வந்தது. பேச்சு மெலிந்தது. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது நின்றுவிட்டது.

"கால் கழுவிட்டு வா பாப்பா."

"ஓகே."

ஜூலை 22, செவ்வாய்

நேற்றுப் பரணிலிருந்து ஜெனியின் ஒன்றாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தேன். தமிழை யார் சொல்லிக் கொடுத்தார்கள் எனக்கு? இதையும் கற்றுக்கொள்வது.

இரண்டு நாளில் கற்றது:
கம் – வா
ஈட் – சாப்பிடு
வாஷ் – கழுவு
சிட் – உட்கார்
ஸ்லீப் – தூங்கு
டோன்ட் கோ – போகாதே
குட் – நல்லது

எழுதி முடித்துப் பார்த்தால் எல்லாம் அதட்டல். ஏண்டி முகம் வாடியிருக்கு, யாராவது ஏதாவது சொன்னாங்களா, கிட்ட வா தலை வாரிவிடுறேன் – இது ஒன்றும் அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆப்பிள் இருக்கிறது. யானை இருக்கிறது.

சாயங்காலம் துணிந்து சொன்னேன், "ஜெனி, கம். சிட். ஈட்."

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, கேலி இல்லை. வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, ஐ காண்ட் சீ த போர்ட்" என்றாள். வேகமாக. எனக்கு "அம்மா" மட்டும் புரிந்தது. அவளாக வந்து பேசினாளே என்று சந்தோஷம். "எஸ், எஸ். குட்" என்றேன்.

கொஞ்சம் நின்றாள். பிறகு சுனிதா போர்ஷனுக்குப் போய்விட்டாள்.

இவரிடம் கேட்க, காதில் விழுந்த மாதிரியே மேலே எழுதியிருக்கிறேன். இவர் ராத்திரி ஷிஃப்ட்.

ஜூலை 24, வியாழன்

வெயில் குறைவு. வெங்காயத்தில் பாதி வடகத்துக்கு அரிந்தேன்.

இவர் காலையில் வந்ததும் சொன்னேன், பொண்ணு இப்படி இருக்கிறாளே, அந்த அட்டையே வேண்டாம், பி பிரிவு என்றால் பி பிரிவு, படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும் என்று.

இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புதுசா வந்த ஆபீசர் இந்திதான் பேசுறாரு. எடைமேடையில கம்ப்யூட்டர் எல்லாம் இங்கிலீஷ். பதினாறு வருஷமா எடை போடுறேன் மேரி, லாரி நின்ன தோரணைலயே எத்தனை டன்னுன்னு சொல்லுவேன். போன மாசம் ஒரு லாரிக்கு ரெண்டு தடவை சீட்டு வந்துடுச்சு. மிஷின் கோளாறு. அத எப்படிச் சொல்றது அவருகிட்ட? கையைக் கையைக் காட்டினேன். வாய் இருந்தும் ஊமை மாதிரி நின்னேன். இப்ப ராத்திரிலயே போட்டு வச்சிருக்காங்க. எம் பொண்ணு அப்படி நிக்கக் கூடாது."

ஒரு மாசமாக ராத்திரி ஷிஃப்ட் ஏன் மாறவில்லை என்று நான் கேட்கவே இல்லையே என்று தோன்றியது.

இட்லி வைத்தேன். படுத்துவிட்டார். ஜெனி சொன்னதைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

அட்டை பார்வை. இந்த வாரம் முழுக்க இ. 60, இந். 30, ம. 0. மிஸ் ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் "வெரி குட் மம்மி". நட்சத்திரம் அவளுக்கா எனக்கா தெரியவில்லை.

ஒரு எண்ணும் பொய்யில்லை. எல்லாம் கடிகாரம் பார்த்தது.

பெஞ்சு மாற்றவில்லை. மாசக் கடைசியில்தான் மாற்றுவார்களாம்.

ஜெனிக்குத் தலைவலி. தைலம் தடவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். "தேங்க் யூ" என்றாள், கடைக்காரரிடம் சொல்வது போல.

ஜூலை 28, திங்கள்

குழாயடியில் கூட்டமில்லை. சுனிதாவும் நானும் மட்டும். அவள் குடம் நிரம்பி வழிகிறது, நகர்த்தாமல் நிற்கிறாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லும். கோவம் வேணாம்."

"சொல்லு."

"ஜெனிக்குக் கண்ணு சரியா தெரியலக்கா. ஸ்கூல்ல போர்டு தெரியல. பின்னால உக்காரும்ல, எழுத்தெல்லாம் புகை மாதிரி இருக்குன்னு சொல்லும். தலை வலிக்குதுன்னு சொல்லும்."

"ஒங்கிட்ட எப்படிச் சொன்னா? இந்திலயா?"

"இந்தி எங்கக்கா! அரை மணி இந்தி பேசும், கடிகாரம் பார்க்கும். அப்புறம் 'ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சு, இனிமே தமிழு'ன்னு சொல்லி உக்காரும். எல்லாம் சொல்லும். ஸ்கூல், ஃப்ரெண்டு, அப்பா நைட் ஷிஃப்ட், எல்லாம். இது நம்ம வீடு இல்ல, இங்க பேசினா அம்மா எழுத வேணாம்னு சொல்லும்."

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது தமிழ்தான்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலன்னு நான் கேட்டேன்க்கா. சொன்னேன், அம்மா எஸ் எஸ் குட்டுன்னு சொன்னாங்கன்னு சொல்லுச்சு."

இந்த நோட்டில் 22-ஆம் தேதி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையால் எழுதியிருக்கிறேன். ஐ காண்ட் சீ த போர்ட். இவரை எழுப்பிக் கேட்டேன். கரும்பலகை தெரியவில்லை என்று அர்த்தம் என்றார். இவருக்கே அது தெரிந்திருக்கிறது.

ஆறு நாள். ஆறு நாளாக இந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

ஜூலை 30, புதன்

வடகம் காய்ந்துவிட்டது. ஒரு டப்பா சுனிதாவுக்கு.

நேற்று முழுக்க யோசித்தேன். அட்டையில் உள்ளபடி பார்த்தால் பிள்ளை செய்தது ஒன்றும் தப்பில்லை. என் கணக்குப் புத்திதான் அவளுக்கும். அரை மணி இந்தியைக் கூடத் திருடவில்லை.

ஜெனி போய்ச் சரியாக அரை மணி நேரம் கழித்து வடக டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அடுத்த வீட்டுக்கு. பெற்ற மகளிடம் பேச, செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா" என்று கேட்டுக்கொண்டு.

ஜெனி சுனிதாவின் அடுப்படித் தரையில் சம்மணம் போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் நின்றது.

சுனிதா எனக்கும் ஒரு கை பட்டாணி போட்டாள்.

"இது அவங்க வூடு" என்றேன். "இங்க நான் விருந்தாளி. எழுத மாட்டேன்."

நானும் பட்டாணி உரிக்கத் தொடங்கினேன். பிறகு,

"கணக்குப் போர்டுல ஆறும் எட்டும் ஒரே மாதிரி தெரியுதும்மா."

"ஏன் பாப்பா மொதல்லயே சொல்லல?"

"சொன்னேனே."

"ஆமா. சொன்ன. எனக்குத்தான் தெரியல."

"நீ குட்டுன்னு சொன்னப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுனிதா அந்தப் பக்கம் திரும்பி ரொட்டி மாவைப் பிசைந்தாள், தேவைக்கு மேல் பிசைந்தாள்.

ஏழரை வரை இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் அட்டை: இ. 60, இந். 30, ம. 0. உண்மை.

ஆகஸ்ட் 1, முதல் வெள்ளி

மாசம் ஒரு தடவை, பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது. வரிசையில் எனக்கு முன் ஆறு பேர்.

"தோத்திரம் சாமி. பொண்ணும் நானும் பேசுற பேச்ச அடுத்த வூட்ல வச்சுக்கிட்டு, எங்க வூட்ல பேசலன்னு எழுதறேன்."

சாமியாருக்குப் புரியவில்லை. அட்டையைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன்.

"எழுதுனது நெசமாம்மா?"

"நெசந்தான் சாமி."

"அப்ப பாவம் இல்லையே. எதுக்கு அழுவுறீங்க?"

அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். வெளியே வந்தபின், எங்கள் பங்குப் பள்ளியிலும் அடுத்த வருஷம் இங்கிலீஷ் மீடியம் வருகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து.

சாயங்காலம் சுனிதா வீட்டில். சுனிதா இன்று அதிகம் பேசவில்லை. போகும்போது வாசலில் நிறுத்திச் சொன்னாள். புருஷனுக்கு இங்கே காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. கர்நாடகா பக்கம் ஒரு ஆலையாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள்.

"அங்க கன்னடம் அக்கா" என்றாள். "திரும்ப குழாயடி."

ஆகஸ்ட் 2, சனி

கண் ஆஸ்பத்திரி. ஒன்பதுக்குப் போய் ஒன்றரைக்கு வந்தோம்.

பரிசோதிக்கிற பெண், "தமிழ் எழுத்து போர்டா, இங்கிலீஷா?" என்று கேட்டாள். ஜெனி என்னைப் பார்த்துவிட்டு, "தமிழ்" என்றாள். மூன்றாம் வரியில் தடுமாறினாள். கண்ணா, பழக்கமா என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். இங்கிலீஷ் போர்டு மாட்டினாள். அதிலும் மூன்றாம் வரி. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மகளுக்குக் கண் தெரியவில்லை என்பதில் நிம்மதிப்பட்ட தாய் நான் ஒருத்திதான்.

திங்கள் காலை கண்ணாடி தருவார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுனிதா போய்விட்டாள். ஆறு மணி ரயில். மூன்று மூட்டை, ஒரு டிவி. துடைப்பத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள், புதுசு.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து அந்தப் போர்ஷனைப் பூட்டினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லேசான தூறல் மதியம். புழுதி அடங்கியது.

கண்ணாடி வாங்கி, வேனிலிருந்து இறங்கியதும் ஜெனிக்கு மாட்டிவிட்டேன். கறுப்பு ஃபிரேம். தெருவை மேலும் கீழும் பார்த்தாள். லாரியின் பின்னால் எழுதியிருப்பதைக் கடைசி எழுத்து வரை படித்தாள். வாசலுக்கு வெளியே இருந்ததால் தமிழில்.

உள்ளே வந்தோம். பீரோ கண்ணாடி முன் நின்று இங்கிலீஷ் தொடங்கினாள். நான் காய் நறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் இல்லை. பார்த்தால் ஆள் இல்லை. சுனிதா போர்ஷன் வாசலில், பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"உள்ள வா பாப்பா."

வந்தாள். இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அட்டை மாட்டிய ஆணியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு கோணியது.

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன். செல்லை எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டேன்.

"பேசு" என்றேன்.

"கார்டு?"

"நான் பாத்துக்கறேன். நீ பேசு."

முதலில் மெதுவாக. சுனிதா ஆன்ட்டி ரயிலில் சாப்பிட என்ன எடுத்துக்கொண்டு போயிருப்பாங்க என்று. பிறகு கணக்கு மிஸ், வித்யா, லிடியாவின் சைக்கிள், அவளுக்குக் கண்ணாடி போட்டால் பையன்கள் என்ன பேர் வைப்பார்கள். எவ்வளவு நேரம் என்று எழுத முடியாது. இருட்டிவிட்டது. குழம்பு அடிப்பிடித்தது.

ஜெபமாலை. மூன்றாம் பத்து தமிழில்.

பிறகு அட்டையை ஆணியிலிருந்து எடுத்தேன். இ. 60. இந். 30. ம. 0. மூன்று கட்டமும், கடிகாரம் பார்க்காமல். அடியில் அந்த உண்மை வரி. அதற்கு நேராக மேரி என்று எழுதினேன். அடுத்த முதல் வெள்ளி பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள்.

ஜெனி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். புதுக் கண்ணாடி. நன்றாகத் தெரிந்திருக்கும்.